செவுளின் சிவப்பைக் காட்டும் டார்ச்

வாசகி கேள்வி: நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்று வருகிறேன். அதிகாலை இரண்டரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கைப்பேசி வெளிச்சத்தை நம்பினால் எட்டு மணிக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் எடுக்க முடிவதில்லை. ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று டார்ச் வாங்கிவிட்டேன். முதலாவது, முகப்பை இழுத்தால் வெளிச்சம் குவியும் வகை. கைப்பேசி சார்ஜரில் ஏற்ற வேண்டும். நான்கே மாதத்தில் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. இரண்டாவது, பின்னால் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கும், சுவர் பிளக்கில் நேராகச் செருகும் பெரிய டார்ச். தடைக்காலத்தில் வேறு வேலைக்குப் போனதால் அலமாரியில் வைத்தேன். திரும்ப எடுத்தபோது எரியவே இல்லை. மூன்றாவது, ரிமோட்டுக்குப் போடும் சின்ன பேட்டரி மூன்று போடுவது. உள்ளே பேட்டரி கசிந்து வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கிறது. போன மாதம் டார்ச் வெளிச்சத்தில் செவுளைப் பார்த்து நல்ல சரக்கு என்று ஒரு கூடை கானாங்கத்தை எடுத்தேன். விடிந்து பார்த்தால் செவுள் பழுப்பு நிறம். அன்றைய முதலே போய்விட்டது. இப்போது கையில் 600 ரூபாய் வைத்திருக்கிறேன். கடைக்காரர் 9,000 லூமன் உள்ள டார்ச்சை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா? வீட்டில் மாமியாருக்கும் இரவில் எழுந்தால் வெளிச்சம் தேவைப்படுகிறது.

— ஒரு வாசகி, காசிமேடு

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 9,000 லூமன் டார்ச்சை வாங்காதீர்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அந்த அளவு பேட்டரி ஒன்றே ஒன்று போட்டு எரியும் சின்ன டார்ச்சாகத் தேடுங்கள். 600 ரூபாயில் பாதிக்கு மேல் டார்ச்சுக்குக் கொடுக்க வேண்டாம். மீதி பேட்டரிக்கும், சில வாரம் கழித்து வாங்கப்போகும் சார்ஜருக்கும் இருக்கட்டும். சுருக்கமான பதில் இதுதான். ஆனால் நீங்கள் ஏற்கெனவே மூன்று முறை பணத்தை இழந்திருக்கிறீர்கள். காரணம் தெரியாமல் நான்காவதை வாங்கினால் அதுவும் அதே வழியில் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் 27 ஆண்டுகளாக மின்பொருள் பழுது பார்க்கும் கடை நடத்துகிறேன். செத்துப்போன டார்ச் லைட்டுகள் வாரத்துக்கு ஏழெட்டாவது என் மேசைக்கு வரும். பிரித்துப் பார்த்தால் எல்.இ.டி. புள்ளி நன்றாகத்தான் இருக்கும். செத்திருப்பது பேட்டரி, அல்லது சுவிட்ச், அல்லது துருவேறிய ஸ்பிரிங். வாங்கும்போது வெளிச்சத்தை மட்டும் பார்த்து வாங்குகிறோம். சாவதோ வேறு இடத்தில்.

முதலில் அந்த 9,000 என்ற எண்ணைப் பார்ப்போம். லூமன் என்பது ஒரு விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. உங்கள் வீட்டுக் கூடத்தில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமன் தரும். அப்படியானால் அந்தக் கடைக்காரர், பத்து பல்பின் வெளிச்சத்தை உங்கள் உள்ளங்கைக்குள் அடக்கித் தருவதாகச் சொல்கிறார். எல்.இ.டி. ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9,000 லூமனுக்கு 90 வாட் வேண்டும். அந்த டார்ச்சுக்குள் இருக்கும் ஒற்றை லித்தியம் பேட்டரி, நல்ல சரக்காக இருந்தாலுமே, 90 வாட்டைப் பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதற்குள் கையில் பிடிக்க முடியாதபடி சுட்டுவிடும். அட்டையில் இப்படி ஒரு பொய்யை அச்சடித்தவர்கள், உள்ளே போட்டிருக்கும் பேட்டரியைப் பற்றி மட்டும் உண்மை சொல்வார்கள் என்று நான் நம்பமாட்டேன்.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? சில்லறை எண்ண, சாவித் துவாரம் பார்க்க 5 முதல் 10 லூமன் போதும். இருட்டுத் தெருவில் பள்ளம் மேடு பார்த்து நடக்க 30, 40. தூரத்தில் நிற்கும் வண்டியையோ நாயையோ பார்க்க 100 இருந்தால் தாராளம். கூடைக்குள் மீன் பார்க்க 40 லூமனுக்கு மேல் இருந்தால் அது கெடுதல். துறைமுகத்தில் உயரத்தில் விளக்குகள் எரிந்தாலும் ஏலத்தில் சூழ்ந்து நிற்பவர்களின் நிழல் கூடைக்குள்தான் விழும். அதனால்தான் உங்களுக்கு டார்ச் தேவைப்படுகிறது. ஆனால் கூர்மையான வெளிச்சத்தை ஈரச் செதிலிலும் ஐஸ் துண்டிலும் பாய்ச்சினால் அது பளீரென்று கண்ணுக்கே திரும்பி வரும். கண் கூசிய பிறகு பக்கத்துக் கூடை இருட்டாகத்தான் தெரியும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஏலம் அதுவரை காத்திருக்காது.

இனி, கானாங்கத்தையால் நீங்கள் இழந்த பணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் மனத்தை மிகவும் தைத்தது அதுதான். உங்கள் கண்ணும் அனுபவமும் தவறவில்லை, சகோதரி. அந்த டார்ச்சில் சிவப்பு இல்லை.

வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வது பிறவியில் நீல எல்.இ.டி. நீல ஒளியின்மேல் மஞ்சள் பூச்சு ஒன்றைத் தடவியிருப்பார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பூச்சு மலிவானதாக இருந்தால் நீலமும் மஞ்சளும் நிறைய இருக்கும், ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவாக இருக்கும். வெளிச்சத்தில் இல்லாத நிறத்தை எந்தப் பொருளும் திருப்பிக் காட்டாது. புதிய மீனின் ரத்தச் சிவப்புச் செவுளும் பழைய மீனின் பழுப்புச் செவுளும் அந்த வெளிச்சத்தில் ஒரே மங்கல் நிறமாகத் தெரியும். சங்கரா மீனின் இளஞ்சிவப்பும் அப்படியே வெளுத்துப்போகும். மின்வேலை செய்பவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மீட்டர் பெட்டிக்குள் சிவப்பு வயர் எது, பழுப்பு வயர் எது என்று நீல டார்ச்சில் எனக்கே நிச்சயமாகத் தெரியாது.

ஆகவே உங்களுக்கு வேண்டியது நீலம் பாயாத, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. சில பெட்டிகளில் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்க 4,000 கெல்வின், 5,000 கெல்வின் என்று போட்டிருப்பார்கள். எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். 6,500க்குப் போனால் நீலம். நிறம் காட்டும் திறனைச் சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் சொல்வார்கள். அதற்கு உச்சம் 100. அந்த எண் 90 என்று உண்மையாகவே இருந்தால் மிக நல்லது. உங்கள் விலையில் இந்த எண்கள் அநேகமாக அச்சடிக்கப்பட்டிருக்காது. அதற்குக் கண்ணாலேயே ஒரு சோதனை இருக்கிறது. கடைக்குப் போகும்போது பையில் ஒரு பழுத்த தக்காளியும் நன்றாக நிறம் கண்ட சிவப்பு வெங்காயமும் கொண்டுபோங்கள். கடைக்குள் வெளிச்சம் குறைவான மூலையாகப் பார்த்து நின்று, டார்ச்சை முதலில் உங்கள் உள்ளங்கையில் அடியுங்கள். ரத்த ஓட்டம் தெரியும் இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. சாம்பல் படர்ந்த மாதிரி இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பிறகு தக்காளி. இரண்டு மூன்று டார்ச்சை அடுத்தடுத்து அடித்துப் பார்த்தால் வித்தியாசம் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும். மீனின் நிறம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மூன்று டார்ச்சுகளும் ஏன் செத்தன என்று நீங்கள் எழுதியதை வைத்தே சொல்ல முடிகிறது.

முதலாவது இழுத்துக் குவிக்கும் வகை. முகப்பு முன்னும் பின்னும் நகர வேண்டும் என்றால் அங்கே இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளி வழியே கடல் காற்றும் ஐஸ் தண்ணீரும் உள்ளே போகின்றன. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அது ஈரக் காற்றை உறிஞ்சுகிறது. கூடவே சார்ஜ் ஏற்றும் துவாரம் வேறு. அதை மூடும் ரப்பர் நாக்கு சீக்கிரமே தளர்ந்துவிடும். உப்பு படிந்த உள்முனைகளில் ஈரத்தோடு சார்ஜரைச் செருகினால் சில நாட்களிலேயே உலோகம் அரித்துவிடும். உங்களுடையதில் சார்ஜ் நின்றதற்கு இதுதான் காரணமாக இருக்கும். இன்னொன்றையும் சொல்கிறேன், தெரிந்தவர்களுக்கு உதவும்: புது மாதிரி சி-முனைத் துவாரம் இருந்தும் பல மலிவு டார்ச்சுகள் இரண்டு பக்கமும் சி-முனை உள்ள வேக சார்ஜர் கேபிளில் ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய சிறு பாகத்தை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய சார்ஜரில், பழைய அகல முனை உள்ள கேபிளால் ஏற்றினால் ஏறும். கெட்டுவிட்டது என்று தூக்கி எறியும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, சுவரில் செருகும் பெரிய டார்ச். அதற்குள் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி இருந்திருக்கும், ஸ்கூட்டர் பேட்டரியின் சின்னத் தம்பி மாதிரி. இந்த வகை பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் சும்மா வைக்கவே கூடாது. உள்ளே ஈயத் தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிந்து கல் மாதிரி இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் செருகி வைத்தாலும் உயிர் வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அத்தனை நாளும் அலமாரிக்குள் அது மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. மாதம் ஒரு முறை ஏற்றி வைத்திருந்தால் பிழைத்திருக்கும். ஆனால் அது செத்ததில் எனக்கு ஒரு விதத்தில் நிம்மதி. இந்த வகை டார்ச் பலவற்றில் வீட்டு மின்சாரத்துக்கும் உள்ளிருக்கும் பாகங்களுக்கும் நடுவே தடுப்பே கிடையாது. செருகியிருக்கும் நேரத்தில் உடைந்த சுவிட்ச் வழியாகவோ விரிசல் வழியாகவோ முழு 230 வோல்ட்டும் கையில் பாயலாம். மீன் தொட்ட ஈரக் கை, உப்புத் தண்ணீர் காயாத கை, அதற்கு இன்னும் நல்ல வழி. வீட்டில் இப்படி ஒன்று யாரிடமாவது இருந்தால், சுவரில் செருகியிருக்கும்போது தொடவே வேண்டாம். பிளக்கின் சுவிட்சை அணைத்த பிறகு, காய்ந்த கையால் எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் நியாயமான டார்ச். அதை இழந்தது பேட்டரியால். விலை குறைந்த சாதாரண பேட்டரியில் துத்தநாகக் குவளைதான் வெளிக்கூடு. மின்சாரம் தருவதற்காகக் கரைவதும் அதே குவளைதான். தீரத் தீரச் சுவர் மெலிந்து, கடைசியில் ஓட்டை விழுந்து உள்ளிருப்பது வெளியே கசிகிறது. மூன்று பேட்டரி போடும் டார்ச்சில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒன்று மற்ற இரண்டையும்விட முன்னதாகத் தீர்ந்தால், மற்ற இரண்டும் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளி அதைத் தலைகீழாக ஓட்டும். அப்போது கசிவு இன்னும் சீக்கிரம் வரும். பழைய பேட்டரியையும் புதிய பேட்டரியையும் கலந்து போட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். வீட்டில் ரிமோட்டிலிருந்து கழற்றியதை டார்ச்சில் போடும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

ஒற்றைப் பேட்டரி டார்ச்சை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவே பாதிக் காரணம். தனியாக இருக்கும் பேட்டரியைத் தலைகீழாக ஓட்ட வேறொன்று கிடையாது. மறுபாதிக் காரணம் இன்னும் முக்கியமானது. வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். கடிகாரப் பேட்டரி தருவது ஒன்றரை வோல்ட்தான். ஆகவே ஒரே பேட்டரியில் வெள்ளை எல்.இ.டி. எரிகிறது என்றால், உள்ளே வோல்ட்டை உயர்த்தும் சின்னச் சுற்று ஒன்று கட்டாயம் இருக்கிறது என்று பொருள். அந்தச் சுற்று இருக்கும் டார்ச்சில், சார்ஜ் ஏற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பேட்டரி தயக்கமின்றி வேலை செய்யும். இரண்டு பேட்டரி போடும் மலிவு டார்ச்சில் அந்தச் சுற்று பெரும்பாலும் இருப்பதில்லை. இரண்டு புதுப் பேட்டரி சேர்ந்து 3 வோல்ட் வருவதால் நேராகவே எரிய விட்டிருப்பார்கள். சார்ஜ் பேட்டரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். இரண்டும் சேர்ந்து 2.4. அது போதாமல் மின்மினி மாதிரி எரியும். பிறகு சார்ஜ் பேட்டரியே ஏமாற்று என்ற முடிவுக்கு மக்கள் வந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நல்ல சார்ஜ் பேட்டரி 2,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும். 1.2 வோல்ட்டோடு பெருக்கினால் 2.4 வாட் மணி. நடைக்கும் கூடைக்கும் 40 லூமன் வைத்துக்கொண்டால், சுற்றில் வீணாவதையும் சேர்த்து அரை வாட் செலவாகும். நான்கு மணி நேரத்துக்கு மேல் விடாமல் எரியும். நீங்கள் இரண்டரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு விடிந்துவிடும். நடுவில் எத்தனையோ முறை அணைப்பீர்கள். ஒரு பேட்டரி இரண்டு நாளாவது வரும். இரண்டு பேட்டரி வைத்துக்கொண்டு ஒன்று டார்ச்சில், ஒன்று சார்ஜரில் என்று மாற்றி மாற்றிப் போட்டால் போதும்.

டார்ச்சின் உடலுக்கு வருவோம். உங்கள் கை எப்போதும் ஈரமாக இருக்கும். முகப்பைத் திருகி எரிய வைக்கும் வகை உங்களுக்கு ஆகாது, வழுக்கும். ரப்பர் மூடிய அழுத்து சுவிட்ச் வேண்டும். ஒரு தடவை அழுத்தினால் எரிய வேண்டும், மறு தடவை அணைய வேண்டும். மிகுவெளிச்சம், குறைவெளிச்சம் என்று இரண்டு நிலை இருந்தால் நல்லது. மினுக் மினுக்கென்று வெட்டி வெட்டி எரியும் நிலையைத் தாண்டித்தான் அணைக்க முடியும் என்ற டார்ச் வேண்டவே வேண்டாம். ஏலக் கூட்டத்தில் அது அடுத்தவர் கண்ணில் பட்டால் சண்டை வரும். உடலில் சொரசொரப்பாக வெட்டுக்கள் இருக்க வேண்டும். கயிறு கோக்க ஒரு துளை அவசியம். தலையில் மாட்டும் விளக்கை நானே பலருக்குச் சொல்வதுண்டு, ஆனால் தலையில் கூடை வைப்பவருக்கு அது ஒத்துவராது. டார்ச்சைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் முகம் கீழே பார்க்கத் தொங்கவிட்டால் இரண்டு கையும் செவுளைப் பிரிக்க விடுபட்டிருக்கும். வெளிச்சமும் நேராகக் கூடைக்குள் விழும்.

நீர்புகாத் தன்மைக்கு ஐ.பி.எக்ஸ். என்று ஒரு எண் போடுவார்கள். 4 என்றால் எல்லாப் பக்கத்துச் சாரலையும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே புகாது. உங்களுக்கு 4 போதும், 7 கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை. கடலோரத்தில் எதிரி உப்பு. எனவே வேலை முடிந்து வந்ததும், இறுக மூடிய நிலையில், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் டார்ச்சைத் துடைத்துக் காய வையுங்கள். வாரம் ஒரு முறை அடிமூடியைக் கழற்றி, மரையில் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். மணல் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு, பிளம்பர்கள் குழாய்க்குப் போடும் சிலிகோன் கிரீஸில் ஒரு கடுகளவு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது தூசியையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வாங்கும் இடம் உங்கள் வசதி. ஜார்ஜ் டவுனில் கோவிந்தப்ப நாயக்கன் தெருவையும் சுற்றியுள்ள சந்துகளையும் ஒரு சுற்று வந்தால் பல வகை பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். எந்தக் கடையானாலும் அட்டையில் அதிகபட்ச விலை, தயாரித்த அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, மாதமும் ஆண்டும், புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இவை இல்லாத பெட்டி என்றால் கெட்டுப்போனால் கேட்க ஆள் இல்லை. பெட்டியில் 'பாயும் தூரம் 200 மீட்டர்' என்று இருந்தால் மயங்க வேண்டாம். அமெரிக்காவில் 2009இல் வகுத்த எஃப்.எல்.1 தரமுறையை ஒட்டி நேர்மையாக அளந்தவர்களே, வெளிச்சம் பௌர்ணமி நிலா அளவுக்கு மங்கும் தூரத்தைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். அதே முறையில் '10 மணி நேரம் எரியும்' என்பதும் ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை என்றே பொருள்படும்.

கடையில் பேட்டரி போட்டு எரிய விட்டு, உள்ளங்கையில் நான்கு தட்டுத் தட்டுங்கள். ஒரு கண நேரம் அணைந்து எரிந்தாலும் அந்த டார்ச் வேண்டாம், உள்ளே பிடிப்பு சரியில்லை. அடிமூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை விரலால் அழுத்துங்கள். தடிப்பாக, எதிர்த்துத் தள்ள வேண்டும். மரை பிசிறின்றிச் சுழல வேண்டும். சுவிட்சை இருபது முப்பது முறை அழுத்துங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. உங்கள் ஒரு நாள் உழைப்பு அந்தப் பணம்.

முதல் சில வாரத்துக்கு ஆல்கலைன் பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள். விலை கூடுதல், ஆனால் சாதாரணப் பேட்டரியைவிடப் பல மடங்கு உழைக்கும். கையில் பணம் சேர்ந்ததும் நிக்கல் வகை சார்ஜ் பேட்டரி இரண்டும் சார்ஜரும் வாங்குங்கள். 'முன்கூட்டியே சார்ஜ் செய்யப்பட்டது' என்று குறிப்பிட்டிருக்கும் வகைதான் வேண்டும். அது சும்மா இருக்கும்போது மிக மெதுவாகத்தான் இறங்கும். மற்ற வகையில் நம் ஊர் வெயிலுக்கு ஒரு மாதத்திலேயே கால் பங்குக்கு மேல் காணாமல் போய்விடும். வாங்கிய தேதியைப் பேட்டரி மேல் பேனாவால் எழுதி வையுங்கள். வெளிச்சம் மங்கியதும் உடனே மாற்றுங்கள், முழுக்க அணையும் வரை பிழிய வேண்டாம். தடைக்காலம் தொடங்கும் நாளில் டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கடிகாரப் பேட்டரி அளவிலேயே 14500 என்ற எண்ணோடு 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியும் விற்கிறது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டார்ச்சில் அதைப் போட்டால் உள்ளிருக்கும் சுற்று கருகிவிடும். லித்தியம் டார்ச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல நிறுவனத்தின் 18650 என்ற அளவு லித்தியம் பேட்டரி போட்ட டார்ச் அருமையானது, ஆனால் உங்கள் பணத்துக்குக் கிடைக்கும் லித்தியம் பேட்டரியை நான் நம்பமாட்டேன். அந்த அளவு பேட்டரி உண்மையில் 3,600 மில்லி ஆம்பியர் மணிக்குப் பக்கம் போனாலே அதிகம். 9,900 என்று அச்சடித்து விற்கிறார்கள். ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர எண் அதன்மேல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியின் அருமை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கத்துக்குத் தெரிந்தது. தெருவெல்லாம் தண்ணீர், கரண்ட் இல்லை, கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சார்ஜ் டார்ச் வைத்திருந்தவர்கள் ஏற்ற வழியில்லாமல் என் கடை வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த தெரு மளிகைக் கடையில் கடிகாரப் பேட்டரி மட்டும் கிடைத்தது. அதைப் போட முடிந்தவர்கள் வீட்டில் அன்றிரவு வெளிச்சம் இருந்தது. அதிலிருந்து ஐப்பசி பிறந்ததும் நான்கு புதுப் பேட்டரியை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் உயரத்தில் எடுத்து வைப்பது என் வழக்கம். நீங்களும் அப்படி வையுங்கள்.

மாமியாருக்குத் தனியாக டார்ச் வாங்க வேண்டாம். அந்த மூன்றாவது டார்ச்சைத் தூக்கி எறிந்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். கசிந்த பேட்டரிகளைக் கையில் உறை போட்டு எடுத்துவிடுங்கள், அந்தப் பொடி தோலிலும் கண்ணிலும் படக் கூடாது. முனைகளையும் ஸ்பிரிங்கையும் ஈரத் துணியால் துடையுங்கள். போட்டிருந்தது ஆல்கலைன் பேட்டரி என்றால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு தொட்டு வெள்ளைப் பூப்பின்மேல் தடவினால் கரைந்துவிடும். பிறகு சாறு தங்காதபடி மறுபடி ஈரத் துணி, அதன்பின் காய்ந்த துணி. பச்சை பிடித்த இடத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் பித்தளை பளபளக்கும் வரை தேயுங்கள். ஒரு நாள் முழுக்க நிழலில் திறந்து வைத்துவிட்டு, ஒரே நாளில் வாங்கிய மூன்று புதுப் பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால், மாமியார் படுக்கும் இடத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிடுங்கள். எழுந்து சுவிட்ச் தேடித் தடுமாற வேண்டியிருக்காது. எரியவில்லை என்றால் பக்கத்தில் பழுது பார்ப்பவரிடம் ஒரு முறை காட்டுங்கள். ஸ்பிரிங் மாற்றுவது பத்து நிமிட வேலை.